டிவி ஓடுற வீட்ல பேச்சு எங்க போகுது?

ஜூன் மாசம் தாராவில நான் வேலை பாக்குற பால்வாடிக்குப் பிள்ளைங்களைச் சேக்க வர்ற அம்மாங்க, ஃபீஸ் எவ்வளவு, எத்தனை மணிக்கு விடுவீங்கன்னு எல்லாம் கேட்டு முடிச்சிட்டு, கடைசியா கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கிட்டு ஒண்ணு கேப்பாங்க. "டீச்சர், இவன் பொறந்ததுல இருந்தே டிவி பாத்துதான் வளந்தான், மூளைக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?" இதைக் கேக்காத வருஷமே இல்லை. இங்க நம்ம ஆளுங்க நிறைய பேர் திருநெல்வேலிப் பக்கம், பம்பாய் வந்து மூணு தலைமுறை ஆனாலும் அந்த 'ல்லா' மட்டும் போகலை.

இதுக்கு ரெண்டு பதில் ரெடியா சுத்திக்கிட்டு இருக்கு. வாட்ஸப்ல வர்ற பதில், டிவி பாத்தா மூளை மழுங்கிடும், பிள்ளை பேசவே பேசாது, வாழ்க்கையே போச்சு. வீட்டு ஆம்பளைங்க சொல்ற பதில், நாங்களும்தான் டிவி பாத்து வளந்தோம், நாங்க என்ன கெட்டாப் போயிட்டோம். ரெண்டுமே எனக்குப் பத்தலை, ஏன்னா நாள் முழுக்க மூணு வயசு நாலு வயசுப் பிள்ளைங்களோட உக்காந்திருக்கேன், வித்தியாசம் கண்ணுல படுது, ஆனா அந்த வித்தியாசம் வாட்ஸப் சொல்ற மாதிரி இல்லை. அதனால உண்மையிலேயே ஆராய்ச்சி பண்ணவங்க என்ன சொல்லியிருக்காங்கன்னு கிடைச்ச நேரத்துல எல்லாம் படிச்சேன். படிச்சதையும் கோலிக்குள்ள பாத்ததையும் (கோலின்னா இங்க ஒத்தை ரூம் வீடு) சேத்து வச்சுப் பாத்தப்போ எனக்குப் புரிஞ்சது இதுதான்: டிவி ஓடுற நேரத்துல அந்த வீட்ல வேற என்ன நடந்திருக்கும், அது நடக்காமப் போச்சா, இதைத்தான் முதல்ல கேக்கணும். மத்ததெல்லாம் அப்புறம்.

முதல்ல இந்த பயம் எங்க இருந்து கிளம்புச்சுன்னு பாப்போம். 2004-ல அமெரிக்காவுல சியாட்டில்ல இருக்கற டிமிட்ரி கிறிஸ்டாகிஸ்னு ஒரு குழந்தை டாக்டரும் அவரோட குழுவும் ஒரு கட்டுரை போட்டாங்க. ஒரு வயசுலயும் மூணு வயசுலயும் பிள்ளை எவ்வளவு நேரம் டிவி பாத்துச்சுன்னு அம்மாங்க சொன்ன கணக்கு, அதே பிள்ளைக்கு ஏழு வயசுல கவனம் நிக்குதா இல்லையாங்கற கணக்கு, ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்தாங்க, ஆயிரத்துக்கும் மேல பிள்ளைங்க. தினமும் ஒரு மணி நேரம் கூடுதலா பாத்தா கவனப் பிரச்சனை வர்ற வாய்ப்பு சுமார் 10 சதவீதம் கூடுதுன்னு வந்துச்சு. உலகம் பூரா பேப்பர்ல வந்த செய்தி இது. ஆனா இதுதான் காரணம்னு எங்களால அடிச்சுச் சொல்ல முடியாதுன்னு அவங்களே எழுதியிருந்தாங்க, அந்த வரி மட்டும் யாரு காதுலயும் விழலை.

அப்புறம் 2010-ல மைக்கேல் ஃபாஸ்டர், ஸ்டெஃபனி வாட்கின்ஸ்னு ரெண்டு பேர் அதே டேட்டாவை எடுத்து மறுபடி கணக்குப் போட்டாங்க. இந்தத் தடவை வீட்டோட வறுமையையும், அம்மாவோட படிப்புத் திறமை மார்க்கையும் கணக்குல சேத்தாங்க. சேத்ததும் அந்தத் தொடர்பு நிக்கலை. அதுக்கு முன்னாடி பாத்தாக்கூட தினமும் ஏழு மணி நேரத்துக்கு மேல டிவி ஓடுன பிள்ளைங்ககிட்ட மட்டும்தான் அது தெரிஞ்சிருக்கு.

இதைப் படிச்சப்போ எனக்கு ஆச்சரியமே இல்லை, ஏன்னா இங்க ஒரு கல்லிக்குள்ள (கல்லின்னா சந்து) போய் நின்னா தெரியும். எந்த வீட்ல டிவி காலைல இருந்து ராத்திரி வரை ஓடுதோ அந்த வீட்லதான் அப்பா நைட் ஷிஃப்ட் முடிச்சு அதே ரூம்ல ஒரு ஓரமா தூங்கிக்கிட்டு இருப்பாரு, அம்மா விடியுறதுக்கு முன்னாடி தண்ணி பிடிக்க எந்திரிச்சிருப்பாங்க, பிள்ளை வெளில போய் விளையாடணும்னா கால் வைக்கிற அகலத்துக்குத்தான் சந்து, அதுலயும் பாதி சாக்கடை மூடி. அந்தப் பிள்ளைக்குக் கவனம் நிக்கலைன்னா எதைச் சொல்றது? தூக்கத்தைச் சொல்றதா, இடத்தைச் சொல்றதா, டிவியைச் சொல்றதா? இன்னொண்ணும் இருக்கு, பொறந்ததுல இருந்தே துறுதுறுன்னு ஒரு இடத்துல நிக்காத பிள்ளையைத்தான் அம்மா டிவி முன்னாடி அதிகமா உக்கார வைப்பா, வேற வழி இல்லை அவளுக்கு. அப்போ டிவியால பிள்ளை அப்படி ஆச்சா, பிள்ளை அப்படி இருந்ததால டிவி வந்துச்சாங்கறதே பெரிய கேள்வி.

அதுக்காகக் கவலையே படவேண்டாம்னு நான் சொல்லலை. கவலைப்பட வேண்டிய இடம் வேற.

கொஞ்ச நாள் முன்னாடி ஒரு பையன் வந்தான். மூணு வயசு முடிஞ்சிருந்துச்சு. வந்து உக்காந்ததும் இந்தி கார்ட்டூன் டயலாக் ஒண்ணை அப்படியே ஏத்த இறக்கத்தோட சொன்னான், கையெல்லாம் ஆட்டி, நடுவுல வர்ற மியூசிக்கையும் சேத்து வாயாலயே போட்டான். அவங்க அம்மாவுக்கு அவ்வளவு பெருமை. "நாங்க வீட்ல இந்தியே பேசுறது இல்லை டீச்சர், இவன் டிவி பாத்தே படிச்சுக்கிட்டான், எப்படிப் பேசுதான் பாருங்க." நான் அவன்கிட்ட உன் பேரு என்னடான்னு தமிழ்ல கேட்டேன், பதில் இல்லை. இந்தில கேட்டேன், அதுக்கும் இல்லை. கொஞ்ச நேரம் கழிச்சு பக்கத்துல இருந்த பாப்பா அவன் கையில இருந்த சிவப்பு கிரேயானைப் பிடுங்கிடுச்சு. 'குடு'ன்னு ஒரு சொல் வரணுமா இல்லையா, எந்த பாஷையிலயும் வரலை, நேரா அவ கையைக் கடிச்சு வச்சுட்டான். அவ்வளவு நீளமான டயலாக் தெரிஞ்ச பிள்ளைக்கு எதிர்ல இருக்கற ஆளுகிட்ட ஒண்ணைக் கேட்டு வாங்கத் தெரியலை.

(இந்த இடத்துல ஒண்ணு சொல்லிடறேன். கூப்பிட்டா திரும்பாத, கண்ணைப் பாக்காத, ரெண்டு வயசாகியும் ரெண்டு சொல்லைச் சேத்துப் பேசாத பிள்ளையா இருந்தா டிவி மேல பழியைப் போட்டுட்டு சும்மா இருக்காதீங்க. முதல்ல காது டெஸ்ட், அப்புறம் குழந்தை டாக்டர். டிவியை நிறுத்தினா சரியாயிடும்னு ஒரு வருஷம் காத்திருக்கற வீடுகளைப் பாத்து எனக்கு வயித்தெரிச்சலா இருக்கும். இந்தப் பையனையும் டெஸ்டுக்கு அனுப்பினோம், காது நல்லாத்தான் இருந்துச்சு.)

ஏன் டிவில கேட்டது பேச்சா மாறலைன்னு யோசிச்சப்போ 2003-ல வந்த ஒரு ஆராய்ச்சி ஞாபகம் வந்துச்சு. பேட்ரிஷியா கூல்னு ஒரு அம்மா, அவங்களும் சியாட்டில்தான். ஒன்பது மாசக் குழந்தைங்க, வீட்ல இங்கிலீஷ் மட்டும் பேசுறவங்க. அந்தக் குழந்தைங்க முன்னாடி சீன மொழி பேசுறவங்க வந்து உக்காந்து, புக் படிச்சு, பொம்மை காட்டிப் பேசினாங்க, நாலு வாரத்துல 12 தடவை, தடவைக்கு 25 நிமிஷம். அவ்வளவுதான். அதுக்கே அந்தக் குழந்தைங்க சீன மொழியில மட்டும் இருக்கற சத்தங்களைப் பிரிச்சுக் கேக்க ஆரம்பிச்சிடுச்சுங்க. இன்னொரு குழுவுக்கு அதே ஆளுங்க, அதே புக், அதே பேச்சு, ஆனா வீடியோல. அந்தக் குழந்தைங்க ஒண்ணுமே கத்துக்கலை, சீன மொழியே கேக்காத குழந்தை எப்படியோ அப்படியேதான் இருந்துச்சு. ஆளு நேர்ல இருந்தா குழந்தை பாக்குற திசையை ஆளு பாப்பாங்க, ஆளு பாக்குற திசையைக் குழந்தை பாக்கும், குழந்தை ஒரு சத்தம் போட்டா பதில் சத்தம் வரும். டிவில இருக்கறவருக்கு நம்ம பிள்ளை கத்துனாலும் தெரியாது, தூங்குனாலும் தெரியாது.

ஜூடி டிலோச்சி, ஜார்ஜீன் ட்ரோசெத்னு ரெண்டு பேர் 1998-ல பண்ணது இன்னும் எளிமையா இருக்கும். பக்கத்து ரூம்ல ஒரு பொம்மையை ஒளிச்சு வைக்கிறதை ரெண்டு வயசுப் பிள்ளைங்களுக்கு டிவில காட்டினாங்க, அப்புறம் போய் எடுத்துட்டு வான்னு அனுப்பினாங்க, பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியலை. அதையே ஜன்னல் வழியா நேர்ல பாக்க விட்டா டக்குன்னு போய் எடுத்துடுச்சுங்க. ரெண்டரை வயசுப் பிள்ளைங்க டிவில பாத்தே கண்டுபிடிச்சிடுதுங்க. ஆறு மாச வித்தியாசத்துல இப்படி.

சரி, பாத்தா கத்துக்காது, அவ்வளவுதானே, கெடுதல் என்னன்னு கேப்பீங்க. எனக்கும் அதேதான் தோணுச்சு. யாருமே பாக்காம ஓடுற டிவியைப் பத்திப் படிச்சப்புறம்தான் எனக்கு விஷயம் பிடிபட்டுச்சு.

2008-ல வந்த ஆராய்ச்சி ஒண்ணு. ஒரு வயசு, ரெண்டு வயசு, மூணு வயசுப் பிள்ளைங்க 50 பேர். ஒரு மணி நேரம் பொம்மைங்களோட விளையாட விட்டாங்க, அதுல அரை மணி நேரம் மட்டும் ஓரத்துல ஒரு டிவி ஓடும், பெரியவங்க பாக்குற வினாடி வினா நிகழ்ச்சி, பிள்ளைக்கு ஒண்ணும் புரியாது. பிள்ளைங்க அந்த டிவியைச் சரியாப் பாக்கக்கூட இல்லை, நிமிஷத்துக்கு ஒரு தடவைகூட திரும்பலை, திரும்பினாலும் சில செகண்ட்தான். ஆனா டிவி ஓடுன நேரத்துல ஒரு பொம்மையோட ஒட்டி விளையாடுற நேரம் குறைஞ்சு போச்சு, ஒண்ணை எடுக்கறது, போடறது, இன்னொண்ணை எடுக்கறதுன்னு ஆயிடுச்சு. அதுக்கு அடுத்த வருஷம் கிறிஸ்டாகிஸ் குழுவே இன்னொண்ணு பண்ணாங்க, ரெண்டு மாசத்துல இருந்து நாலு வயசு வரைக்கும் 329 பிள்ளைங்க, சட்டைல ஒரு சின்ன ரெக்கார்டர் மாட்டி நாள் முழுக்கக் காதுல விழுந்த எல்லாத்தையும் பதிவு பண்ணாங்க. டிவி சத்தம் கேக்குற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பெரியவங்க பேசி பிள்ளை காதுல விழுற வார்த்தை சராசரியா 770 குறைஞ்சிருந்துச்சு. பிள்ளை போடுற சத்தமும் குறைஞ்சுது.

இந்த 770-ஐ நான் கண்ணால பாத்திருக்கேன். 90 அடி ரோட்டுல இருந்து உள்ள போற ஒரு சந்துல, எங்க பால்வாடில படிக்கற பாப்பாவோட வீடு, அவளுக்கு ஒன்றரை வயசுல ஒரு தம்பி. அவங்க அம்மா வீட்லயே வேலை பாக்குறவங்க. பட்டறைல தைச்சு வர்ற ஜீன்ஸ் பேன்ட்டை மூட்டையா இறக்கிட்டுப் போவாங்க, அதுல தையல் முடியுற இடத்துல எல்லாம் நீட்டிக்கிட்டு இருக்கற நூலை ஒண்ணொண்ணா வெட்டிப் போடணும், பீஸ் கணக்குல காசு. நான் போனப்போ மடியில பேன்ட், கையில அந்தக் குட்டி நூல் கத்தரி, தலைக்கு மேல பலகைல டிவி, சீரியல் ஓடுது, அவங்க அதைப் பாக்கலை, குனிஞ்ச தலை நிமிரலை, காதுல மட்டும் ஓடுது. அந்தச் சின்னவன் தரையில உக்காந்து வெட்டிப் போட்ட நூலை எல்லாம் அள்ளி ஒரு டம்ளர்ல போட்டுக்கிட்டு இருந்தான். ஒரு நீலக் கொத்தைக் கையில எடுத்து அம்மா பக்கம் நீட்டி "ம்மா, இஞ்ச"ன்னான். சீரியல்ல யாரோ கதவைப் படார்னு சாத்துறாங்க, மியூசிக் ஏறுது, அம்மா காதுல விழலை. மறுபடி ஒரு தடவை நீட்டினான். அப்புறம் அவனே டம்ளர்ல போட்டுக்கிட்டான். அவன் அழலை, அடம் பிடிக்கலை. அதான் யாருக்கும் தெரியாமப் போகுது. டிவி இல்லாம இருந்திருந்தா அவங்க "என்னலே அது, நூலா, அம்மாட்ட குடு"ன்னு சொல்லியிருப்பாங்க, அந்த ஒரு வரியில நாலஞ்சு சொல்லு இருக்கு, அவன் கையில இருக்கற பொருளுக்குப் பேரு இருக்கு, அவன் நீட்டினதுக்குப் பதில் இருக்கு. நாள் முழுக்க இப்படிப் போனது எவ்வளவு இருக்கும்?

அந்த அக்காகிட்ட இதைச் சொன்னேன். அவங்க சொன்ன பதில் எனக்கு இன்னும் மனசுல இருக்கு. "அதை அமத்திட்டா வீடே வெறிச்சுன்னு ஆயிரும் டீச்சர். அப்புறம் இவன்ட்ட என்னத்தைப் பேச? இவனுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே." இது நியாயமான கேள்வி. பதில் பேசத் தெரியாத ஆளுகிட்ட என்ன பேசுறதுன்னு நிறைய அம்மாங்களுக்குத் தெரியறதில்லை, யாரும் சொல்லிக் குடுத்ததும் இல்லை. ஊர்ல இருந்தா ஆச்சி, அத்தை, பக்கத்து வீடுன்னு ஆளு மாத்தி ஆளு பிள்ளைகிட்ட வாயாடிக்கிட்டே இருப்பாங்க, இங்க ஒத்தை ஆளு. நான் பக்கத்துல உக்காந்து அந்தப் பேன்ட்டையே எடுத்து, இது பாரு ஜிப்பு, மேல போகுது, கீழ வருது, இது பட்டன், இந்த நூலு நீளமா இருக்கா, வெட்டிருவோமா, வெட்டியாச்சுன்னு சொன்னேன். மூணாவது பேன்ட்ல அவனே ஜிப்பை இழுக்க ஆரம்பிச்சுட்டான். வேலையை நிறுத்த வேண்டியது இல்லை, செய்யுற வேலையவே வாய்விட்டுச் சொல்லிக்கிட்டு செஞ்சா போதும். இதுக்குக் காசு வேண்டாம், இடம் வேண்டாம், படிப்பு வேண்டாம்.

காசு வாங்கிட்டு செஞ்சது எப்படி இருந்துச்சுன்னும் ஒரு வரி. குழந்தையை அறிவாளி ஆக்குறோம்னு டிவிடி வித்தாங்க ஒரு காலத்துல. 2010-ல டிலோச்சி குழு ஒரு வயசுல இருந்து ஒன்றரை வயசு வரைக்குமான குழந்தைங்களுக்கு நல்லா விக்கற டிவிடி ஒண்ணை நாலு வாரம் போட்டுக் காட்டிப் பாத்தாங்க, டிவிடியே பாக்காத குழந்தையை விட ஒரு சொல்லும் கூடுதலாக் கத்துக்கலை. அதே சொற்களை வீட்டு வேலைக்கு நடுவுல அம்மா அப்பா சொல்லிக் குடுத்த குழந்தைங்கதான் நிறையக் கத்துக்கிச்சு. அந்த டிவிடி பிடிச்சுப் போன பெத்தவங்க தன் பிள்ளை நிறையக் கத்துக்கிச்சுன்னு நம்பினாங்களாம்.

இப்போ மறுபக்கம். இதைச் சொல்லாம விட்டா நான் பாதி உண்மைதான் சொன்னதா ஆகும். அமெரிக்காவுல 1948-ல இருந்து 1952 வரைக்கும் புது டிவி ஸ்டேஷனுக்கு லைசென்ஸ் குடுக்கறதை அரசாங்கம் நிறுத்தி வச்சிருந்துச்சு. அதனால சில ஊருக்கு டிவி சீக்கிரம் வந்துடுச்சு, சில ஊருக்கு வருஷக்கணக்கா தள்ளிப் போச்சு. மேத்யூ ஜென்ட்ஸ்கோ, ஜெஸ்ஸி ஷப்பிரோன்னு ரெண்டு பொருளாதார நிபுணர்கள் 2008-ல இதைப் பிடிச்சுக்கிட்டாங்க. பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி டிவியோட வளந்த பிள்ளைங்க, டிவி இல்லாம வளந்த பிள்ளைங்க, ரெண்டு பேரும் 1965-ல எழுதின பரீட்சை மார்க், மூணு லட்சத்துக்கும் மேல மாணவர்கள். டிவியால மார்க் குறையலை. சராசரியாப் பாத்தா ஒரு பொடி அளவு கூடத்தான் செஞ்சிருக்கு. யாருக்கு அதிகமாக் கூடுச்சு தெரியுமா, வீட்ல இங்கிலீஷ் பேசாத பிள்ளைங்க, அம்மா அதிகம் படிக்காத பிள்ளைங்க, வெள்ளைக்காரங்க அல்லாத வீட்டுப் பிள்ளைங்க. நான் இந்த வரியை மறுபடி மறுபடி படிச்சேன், ஏன்னா இது எங்க பால்வாடில உக்காந்திருக்கற பிள்ளைங்க. வீட்டுல தமிழ், வெளில இந்தி, ஸ்கூல்ல மராத்தியும் இங்கிலீஷும். வீட்ல கிடைக்காத ஒண்ணை டிவி குடுத்தா அது லாபம். வீட்ல கிடைக்கற ஒண்ணை அது தள்ளி விட்டா நஷ்டம். ஒரே பெட்டி, ரெண்டு வீட்ல ரெண்டு வேலை செய்யுது.

வயசும் இதுக்குள்ள இருக்கு. ஃப்ரெட்ரிக் ஸிம்மர்மேனும் கிறிஸ்டாகிஸும் 2005-ல போட்ட கட்டுரைல, மூணு வயசுக்கு முன்னாடி அதிகமா டிவி பாத்த பிள்ளைங்களுக்கு ஆறு ஏழு வயசுல படிக்கறதுலயும் ஞாபகத்துலயும் மார்க் கொஞ்சம் குறைஞ்சிருந்துச்சு, மூணுல இருந்து அஞ்சு வரைக்கும் பாத்ததுக்கு எழுத்தைப் பாத்துச் சொல்றதுல கொஞ்சம் கூடியிருந்துச்சு. 1969-ல அமெரிக்காவுல ஆரம்பிச்ச செசமி ஸ்ட்ரீட் சின்னப் பிள்ளைங்களுக்குன்னே யோசிச்சு எடுத்த நிகழ்ச்சி, டிவில அது தெளிவாத் தெரிஞ்ச ஊர்ப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல பின்தங்காம வகுப்பு ஏறுனாங்கன்னு பின்னாடி கணக்குப் போட்டுக் காட்டியிருக்காங்க. நம்ம நாட்டுலயும் அது கலி கலி சிம் சிம்னு 2006-ல இந்தில வந்துச்சு. அதனால நாலு வயசுப் பிள்ளை சாயங்காலம் அரை மணி நேரம் நல்ல நிகழ்ச்சி பாத்தா நான் ஒண்ணும் சொல்றதில்லை, கூட உக்காந்து ஏதாவது கேளுங்கன்னு மட்டும் சொல்வேன்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல சொன்னது, ரெண்டு வயசு ஆகுற வரைக்கும் திரையே வேண்டாம், ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ள. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் ரெண்டு வயசுக்குக் கீழ வேண்டாம்னுதான் சொல்லுது. ஆனா அது ஒண்ணை விலக்கி வச்சிருக்கு, சொந்தக்காரங்களோட எப்பவாவது பேசுற வீடியோ கால். எங்க பால்வாடிப் பிள்ளை ஒண்ணோட அப்பா திரைன்னாலே கெடுதல்னு கேள்விப்பட்டு ஊர்ல இருக்கற ஆச்சியோட வீடியோ கால் பேசுறதையே நிறுத்திட்டாரு, டிவி மட்டும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. தலைகீழ். 2014-ல வந்த ஒரு ஆராய்ச்சில ரெண்டு வயசு, ரெண்டரை வயசுப் பிள்ளைங்க வீடியோ கால்ல பதிலுக்குப் பதில் பேசுற ஆளுகிட்ட புதுச் சொல்லைக் கத்துக்கிச்சு, அதையே பதிவு பண்ணிப் போட்டா கத்துக்கலை. ஆச்சி "ஏலே சோறு தின்னியா, என்ன கறி"ன்னு கேட்டு, பிள்ளை தட்டைத் தூக்கிக் காட்டி, ஆச்சி "அட, முட்டையா"ன்னு சொல்றப்போ அது பேச்சு. அவருக்கு இதைப் புரிய வச்சோம், இப்போ ஞாயித்துக்கிழமை பேசுறாங்க.

வீட்ல அந்த ஒத்தை ரூம்ல இன்னொரு கதவு இல்லை, மாமியாருக்கு சீரியல் வேணும், நைட் ஷிஃப்ட் முடிச்சவருக்கு மேட்ச் வேணும், அங்க போய் திரையே கூடாதுன்னு சொல்றது நடக்காத காரியம், சொன்னா அம்மாதான் குற்ற உணர்ச்சில சாவா. யாரும் பாக்கலைன்னா அமத்துங்க, பிள்ளைக்கு சோறு ஊட்டற நேரமும் குளிப்பாட்டற நேரமும் அது ஓட வேண்டாம், இந்த ரெண்டை மட்டும்தான் நான் கேக்கறேன். பெரும்பாலான வீட்ல இது முடியுது.

எனக்கு ஒரு ஆதங்கம் இருக்கு. எங்ககிட்ட வர்றப்போ பிள்ளைக்கு மூணு வயசு. அப்பவும் பிடிச்சிடறோம், அந்தக் கிரேயான் பையன் தீபாவளிக்குள்ள 'தா, எனக்கு'ன்னு கேக்க ஆரம்பிச்சுட்டான். ஆனா பேச்சு ஏற வேண்டிய வயசு அதுக்கு முன்னாடி. ஒன்பதாவது மாசம் அம்மை ஊசிக்கு எல்லா அம்மாவும் பிள்ளையைத் தூக்கிட்டு வந்தே ஆகணும், ஒன்றரை வயசுல மறுபடியும் வரணும். ஊசி போட்டப்புறம் கொஞ்ச நேரம் உக்கார வைக்கறாங்கல்ல, அந்த நேரத்துல நர்ஸோ, வீடு வீடா வர்ற சுகாதாரப் பணியாளரான ஆஷா ஒர்க்கரோ பிள்ளைகிட்ட எப்படிப் பேசுறது, டிவியை எப்போ அமத்துறதுன்னு அவங்கவங்க பாஷையில சொன்னாப் போதும். தாராவில தமிழ், தெலுங்கு, மராத்தி, இந்தி எல்லாம் தெரிஞ்ச ஒர்க்கருங்க இருக்காங்க. எங்க சுகாதார மையத்துல இதைக் கேட்டு எழுதிக் குடுக்கலாம்னு நாலஞ்சு டீச்சருங்க சேந்திருக்கோம், பக்கத்துல பால்வாடி நடத்துறவங்க யாராவது இதைப் படிச்சா அவங்களும் கையெழுத்துப் போட வாங்க.